பெட்டி மாறும் நோய்

“சித்தி, செம்பி வம்சத்துல ஏதாவது மிச்சம் இருக்கா?”

கைப்பேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கேள்வி காதில் விழுந்ததும் மடிப்பதை நிறுத்தினாள்.

“ஒண்ணே ஒண்ணு இருக்குடி. கிழவி. செம்பியோட பேத்திக்குப் பேத்தி.”

“முட்டை போடுதா?”

“மனசு வந்தா போடும். உன் சித்தப்பா மாதிரி.”

“சித்தப்பா முட்டை போடறாரா?”

“வேலை செய்யறதைச் சொன்னேன், வாலு.”

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது. நாலு வயசில் சிரித்த அதே சிரிப்பு, குரல் மட்டும் கனத்திருந்தது. வாலு என்பது வீட்டில் வைத்த பேர்; செம்பி அவள் சின்ன வயசில் வீட்டில் இருந்த கோழி. சித்தியின் அக்கா, இவளைப் பெற்றுப் போட்டுவிட்டுக் காய்ச்சலில் போனபோது தகப்பனுக்கு வெளியூரில் வேலை. ஒரு துணி மூட்டை மாதிரி சித்தியின் மடிக்கு வந்தவள். தனக்கென்று பிள்ளை இல்லாத சித்தி அவளைப் பள்ளிக்கூடம் போகும் வரைக்கும், போன பிறகும் வளர்த்தாள். பிறகு தகப்பன் மறுபடி கல்யாணம் பண்ணிக்கொண்டு, ஒரு காரோடு வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். அவர் பிள்ளை, அவர் அழைத்துப் போனார். அதில் யாரை என்ன சொல்ல முடியும்?

“லீவு விட்டதும் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வர்றோம் சித்தி. போற வழியில ஒரு மணி நேரம் இறங்கறேன். என் பொண்ணு கோழிக்குஞ்சைப் படத்துலதான் பார்த்திருக்கா. செம்பி குஞ்சை அவ கையில வெச்சுக் காட்டணும்.”

“ஒரு மணி நேரமா?”

“அவருக்கு வண்டியை நிறுத்தி வைக்கறது பிடிக்காது சித்தி.”

“சரி. குஞ்சு இருக்கும். வா.”

பேசி முடித்துத் திரும்பினால் சித்தப்பா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார்.

“என்ன இருக்கும்னு சொன்னே?”

“குஞ்சு.”

“அது அடைக்கு உட்கார்ந்தே பல வருஷம் ஆச்சு. முட்டையைப் போட்டுட்டு எனக்கென்னன்னு போற ஜாதி அது.”

“அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே.”

“நான் போய் உட்காரட்டுமா?”

“உங்க கைவேலை எதுக்கு இருக்கு? பெட்டி பண்ணுங்க.”

சித்தப்பா பம்பு மெக்கானிக்காக இருந்து ஓய்ந்தவர். தெருவில் பாதிப் பேர் அவரைப் பம்புக்காரர் என்பார்கள். மீதிப் பேர், வாலு கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டுப் பழகி, அவள் போன பிறகும் சித்தப்பா என்றே கூப்பிட்டார்கள். மீன் வந்த தெர்மாக்கோல் பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து, பல்பு மாட்டி, சூடு ஏறினால் தானே அணைகிற மாதிரி ஒரு சுவிட்சும் வைத்தார். தினமும் முட்டைகளைத் திருப்பி வைப்பது சித்தியின் வேலை. திருப்பும்போது ஒவ்வொரு முட்டையிடமும் ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று சித்தப்பா கேட்கவில்லை. கேட்டால் அவளும் சொல்லமாட்டாள்.

ஒன்பது பொரித்தது. எல்லாம் செம்பி நிறம், தேய்த்து வைத்த செப்புப் பாத்திரம் மாதிரி. சித்தப்பா அன்றைக்கு முழுக்கச் சட்டையில்லாமல் திரிந்தார். சந்தோஷம் வந்தால் அவருக்குச் சட்டை பிடிக்காது.

“என்ன சொல்றே என் பெட்டியை?”

“பெட்டிக்கு என்ன, குஞ்சு அதுங்களா உடைச்சிட்டு வந்துச்சு.”

“ஒரு வார்த்தை நல்லதா சொல்லிட்டா வாய் வெந்துடுமா?”

அடுத்த நாள் காலையில் ஒரு குஞ்சு மூலையில் செத்துக் கிடந்தது. முதல் நாள் சாயங்காலம் துள்ளிக்கொண்டிருந்த குஞ்சு.

“ஒண்ணு ரெண்டு போகும்” என்றார் சித்தப்பா. “எல்லாப் பொரிப்புலயும் சவலை ஒண்ணு இருக்கும்.”

அதற்கு மறுநாள் இரண்டு போயிற்று.

“உங்க பல்புதான்” என்றாள் சித்தி. “பொசுக்குது.”

“பொசுக்கினா குஞ்செல்லாம் வாயைத் திறந்துகிட்டு ஓரத்துக்கு ஓடும். குளிர்ந்தா பல்புக்கு அடியில குவியும். இதுங்க பாட்டுக்குப் பரவலா மேஞ்சுகிட்டு இருக்கு. சூட்டுல கோளாறு இல்லை.”

இருந்தாலும் பல்பை ஒரு சாண் ஏற்றிக் கட்டினார். தண்ணீர்த் தட்டில் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தார், குஞ்சு முங்கிவிடாமல் இருக்க. அடியில் விரித்த செய்தித்தாளைச் சுருட்டி எறிந்துவிட்டு, கால் வழுக்காமல் சாக்குத் துணி விரித்தார். ஒவ்வொன்றாகத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். கழிச்சல் இல்லை. தொப்புள் காய்ந்திருந்தது.

“இப்படி எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்தினா எது கோளாறுன்னு தெரியாது” என்றார், தனக்கே சொல்லிக்கொள்வது போல. “பம்பு ஓடலைன்னா நான் என்ன பண்ணுவேன்? ஒண்ணை மட்டும் மாத்துவேன். மத்ததைத் தொடமாட்டேன். ஓட்டிப் பார்ப்பேன்.”

“இது பம்பு இல்லைங்க. உசுரு.”

“கோளாறுக்கு அது தெரியாது.”

இருந்த ஆறையும் இரண்டாகப் பிரித்தார். பச்சைப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றில் மூன்று, பழைய தீவனத்தோடு. பழம் வந்த கூடையில் மூன்று, சலித்து உடைத்த தானியத்தோடு. பல்பு, தண்ணீர், சாக்கு எல்லாம் இரண்டிலும் ஒன்றுபோல.

“இனிமே நான் சொல்லாம இதுல ஒரு துரும்பு கூட அசையக்கூடாது. புரிஞ்சுதா?”

“எனக்கு எதுக்கு வம்பு” என்றாள் சித்தி.

காலையில் பச்சைப் பெட்டியில் ஒன்று போயிருந்தது. கூடையில் மூன்றும் முழித்துக்கொண்டிருந்தன. சித்தப்பா தொடையில் தட்டினார்.

“அகப்பட்டுச்சு. தீவனம். பழைய மூட்டை பூஞ்சை பிடிச்சிருக்கும்.”

பழைய தீவனத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினார். இரண்டு பெட்டிக்கும் புதுத் தானியம். அன்றைக்கு மத்தியானம் நிம்மதியாகத் தூங்கினார். சித்தி தூங்கவில்லை. பச்சைப் பெட்டிக் குஞ்சுகள் தெளிந்துவிட்டன. ஆனால் கூடையில் ஒன்று கண்ணைச் செருகிச் செருகித் திறந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ என்ன, விருந்தாளி வர்ற நேரம் பார்த்து மூஞ்சியைத் தூக்கறே? அவ வந்து யாரைப் பார்ப்பா?”

மறுநாள் காலையில் கூடையில்தான் சாவு. அதே குஞ்சு. பச்சைப் பெட்டியில் இரண்டும் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன.

சித்தப்பா இரண்டு பெட்டிக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காப்பி ஆறியது.

“வியாதி பெட்டி மாறுது” என்றார். “என் சர்வீஸ்ல இப்படி ஒரு கோளாறைப் பார்த்ததில்லை. ரெண்டுலயும் ஒரே தீனி, ஒரே தண்ணி. அங்க இருந்து இங்க எப்படி வந்துச்சு? கால் இருக்கா அதுக்கு?”

“போதுங்க. இருக்கறது நாலு. பரீட்சை வெச்சது போதும்.”

“அவ எப்ப வர்றா?”

“ஞாயித்துக்கிழமை.”

இதைச் சொன்னபோது அவள் குரல் ஏதோ போல இருந்தது. சித்தப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

தீவனக்கடை தெருமுனையில். கடைக்காரம்மாவுக்கு உடம்பும் பெரிசு, குரலும் பெரிசு. செம்பி வம்சத்து முட்டைக்கெல்லாம் தகப்பன் அவள் வீட்டுச் சேவல்தான். வீடு அடுத்த வீடு, சுவர் ஏறிக் குதித்து வந்து போகும். அதனால் அவரைப் பார்த்தால் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவாள்.

“வாங்க சம்பந்தி. பேரன் பேத்தியெல்லாம் சௌக்கியமா?”

“பாதிக்கு மேல போயாச்சும்மா.”

அவள் கேலியை விட்டாள். எல்லாவற்றையும் விசாரித்தாள். ரத்தக் கழிச்சலா, இறக்கை தொங்குதா, மூச்சு இழுக்குதா.

“எதுவுமில்லை. பகல்ல நல்லா இருக்கு. பொழுது விடிஞ்சா ஒண்ணு இல்லை.”

“பகல்ல சாகறதே இல்லையா?”

“இல்லை.”

“அப்ப பொழுது சாஞ்சதும் அதுங்களுக்கு ஏதோ நடக்குது. செத்ததை மோந்து பார்த்தீங்களா?”

“அதை எதுக்கு மோந்து பார்க்கணும்?”

“தொப்புள் அழுகியிருந்தா நாறும். பூஞ்சைன்னா ஈரச்சாக்கு வாடை அடிக்கும். நம்ம கண்ணுக்குத் தெரியாதது மூக்குக்குத் தெரியும். போய் மோந்து பாருங்க, கூச்சப்படாதீங்க. நம்ம வீட்டுப் பிள்ளைதானே.”

காலையில் செத்த குஞ்சைச் சித்தி கொல்லைப்புறம் எலுமிச்சைச் செடிக்கு அடியில் ஒரு காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள், வெயில் தாழ்ந்து புதைக்கலாம் என்று. சித்தப்பா அதைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். அழுகல் இல்லை. சாக்கு வாடை இல்லை. ஆனால் ஏதோ இருந்தது. தெரிந்த வாசனை. இந்த வீட்டின் வாசனை. உள்ளறையில், ஜன்னலுக்குக் கீழே இருக்கும் தகரப் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அது. பாச்சை உருண்டை.

அவர் உள்ளே போய்ப் பெட்டியைத் திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கொல்லைப்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

சித்தி முற்றத்தில் தானியம் சலித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னிக்குப் பொழுது சாஞ்சா அதை எந்தப் பெட்டிக்குப் போடறதா இருக்கே?” என்றார்.

“எதை?”

“எதையோ.”

சல்லடை இரண்டு மூன்று தடவை ஆடியது. பிறகு நின்றது.

“குளிராதா அதுங்களுக்கு? மேல ஒரு மூடி இல்லை, ஒண்ணு இல்லை.”

“பல்பு எதுக்கு எரியுது?”

“பல்பு அம்மாவாகுமா?”

“முதல்ல மொத்தமா ஒரே பெட்டியில இருந்துச்சே, அதுக்கு மேல போட்டே. அப்புறம் பச்சைப் பெட்டிக்கு. நேத்து கூடைக்கு. நான் எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி எடுத்து உள்ள வெச்சுட்டே. சரிதானா?”

“எது சோர்ந்து கிடக்குதோ அதுக்குப் போட்டேன். ஒண்ணுதானே இருக்கு, ரெண்டுக்குமா போட முடியும்?”

“நான் தீனியை மாத்தறேன், தண்ணியை மாத்தறேன். நீ வியாதியைத் தூக்கிட்டு என் பின்னாலயே வந்திருக்கே.”

சொன்ன பிறகு, இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்குத் தோன்றியது. சித்தி சல்லடையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். தகரப் பெட்டியின் கொக்கி சத்தம் கேட்டது. வரும்போது கையில் அந்தப் போர்வை.

மஞ்சள் போர்வை. மஞ்சள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் மஞ்சள். ஒரு மூலை மட்டும் நூல் நூலாகப் பிரிந்திருக்கும். வாலு அந்த மூலையைச் சப்பிக்கொண்டுதான் தூங்குவாள். கொஞ்சம் பெரியவளான பிறகு செம்பியின் குஞ்சுகளை அதில் சுற்றித் தூக்கிக்கொண்டு திரிவாள். கார் வந்த அன்றைக்கு அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் ஏறினாள். “பழசெல்லாம் எதுக்கும்மா, அங்க எல்லாம் புதுசா வாங்கி வெச்சிருக்கு” என்று தகப்பன் அதை வாங்கிச் சித்தியின் கையில் கொடுத்தார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையிலேயே புதுசு வாங்கி வைத்திருந்தார்.

அன்றிலிருந்து அது துவைக்கப்படவில்லை. பூச்சி அரிக்கக்கூடாது என்று வருஷா வருஷம் புது உருண்டைகள் போட்டு மூடிவைத்தாள்.

“யாருக்காவது குடுத்துடுன்னு எப்பவோ சொன்னேன்” என்றார் சித்தப்பா.

“அதனாலதான் உங்ககிட்ட காட்டலை.”

“பெட்டிக்குள்ள பல்பு சூடு. மேல இதைப் போட்டு மூடினா, உருண்டை வாடை பூரா உள்ளதான் இறங்கும். குஞ்சு ஒவ்வொண்ணும் எலுமிச்சங்காய் அளவுதான் இருக்கு. எத்தனை மூச்சு தாங்கும் அது?”

“அது உருண்டை வாடை இல்லைங்க. பிள்ளை வாசனை.”

“பிள்ளை வாசனை எப்பவோ போயாச்சு. நீ இத்தனை வருஷமா மோந்துகிட்டு இருக்கறது கடையில விக்கற உருண்டையை.”

சித்தி போர்வையின் பிரிந்த மூலையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

“எனக்கு உருண்டை வாடை தெரியாதா? மூக்கு என்ன அவிஞ்சா போச்சு? அதுக்கு அடியில இருக்கு. மேலாக மோந்தா கிடைக்காது. கொஞ்ச நேரம் முகத்தை வெச்சுகிட்டே இருக்கணும். அப்புறம் வரும்.”

சித்தப்பா கையை நீட்டினார். அவள் தயங்கிக் கொடுத்தாள். அவர் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் என்று அவள் சொன்னதைவிடக் கூடவே வைத்திருந்தார். முற்றத்தில் நாலு குஞ்சுகளின் கீச்சு மட்டும் கேட்டது. அவர் முகத்தை எடுத்தபோது கண்கள் சிவந்திருந்தன. உருண்டை நெடிக்கு யாருக்கும் சிவக்கும்.

“ஆமா” என்றார். “இருக்கு.”

அவளுக்கு அவரை நம்புவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

“பெட்டியில திரும்ப வெச்சுடு. அங்கேயே இருக்கட்டும். யாரும் உன்னைத் தூக்கிப் போடச் சொல்லலை. குஞ்சுகிட்ட கொண்டு வராம இருந்தா போதும்.”

அவள் உள்ளே போனாள். கொக்கி சத்தத்துக்காக அவர் காத்திருந்தார். அது கேட்கவில்லை. கேட்டது குழாயில் தண்ணீர் விழும் சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், கொல்லையில் வாளிக்குள் போர்வை முங்கிக் கிடந்தது. தண்ணீர் காப்பி நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது.

“ஏன் நனைச்சே? வெச்சுடுன்னுதானே சொன்னேன்.”

“அழுக்கா இருந்துச்சு” என்றாள் சித்தி, திரும்பாமல்.

அலச அலச நுரையில் நெடி போனபாடில்லை. மறுபடி நனைத்தாள். வெயிலில் போட்டாள், எடுத்தாள், மறுபடி சோப்புப் போட்டாள். தீவனக்கடைக்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்து, “சித்தி, அந்தத் துணி என்ன பாவம் பண்ணுச்சு?” என்று கேட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் சித்தி கொடியிலிருந்து ஒரு மூலையை எடுத்து மூக்கில் வைத்துப் பார்த்தாள். வெயில் வாசனை. சோப்பு வாசனை. அடியில் தேடினாள். இன்னும் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். பிறகு கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

நாலு குஞ்சும் நாலாகவே இருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா எண்ணினார், சித்தி எண்ணினாள், மறுபடியும் சித்தப்பா எண்ணினார்.

கார் வந்தது. மாப்பிள்ளை இறங்கி வணக்கம் சொன்னார், நல்ல மனுஷன், ஆனால் கை வண்டிக் கதவிலேயே இருந்தது. ஃபோன் வந்ததும் அவர் வெளியிலேயே நின்றுவிட்டார். வாலு உள்ளே வந்தாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தது. அவள் அம்மாவின் நெற்றி.

“இளைச்சுட்டீங்க சித்தி.”

“நீ எனக்கும் சேர்த்துப் போட்டுட்டே.”

“சித்தப்பா, பாருங்க இவங்களை. வந்த உடனே ஆரம்பிச்சாச்சு.”

சின்னவள் அம்மாவின் பின்னால் ஒளிந்து ஒளிந்து வந்தாள். குஞ்சை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “கொத்தும்” என்றாள்.

“கொத்தாது. இங்க பாரு.” வாலு தரையில் உட்கார்ந்து ஒரு குஞ்சை எடுத்தாள். யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் கூடுபோலக் குவித்து, மோவாய்க்குக் கீழே கொண்டுபோய், கழுத்துச் சூட்டில் அணைத்து வைத்துக்கொண்டாள். குஞ்சு ஒரு தடவை கீச்சென்றது. பிறகு கண்ணை மூடிவிட்டது.

சித்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“செம்பி கண்ணு அப்படியே இருக்குல்ல சித்தி?”

“ம்.”

சின்னவளுக்குத் தைரியம் வந்து, பிறகு அடக்க ஆளில்லாமல் போயிற்று. குஞ்சைத் துரத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். வாலுவும் சித்தியும் பின்னால் போனார்கள். கொடியில் தொங்கிய போர்வைக்குப் பின்னால் சின்னவள் ஒளிந்துகொண்டு காலை மட்டும் காட்டினாள்.

“என்ன சித்தி இது, இவ்வளவு பழசு? நூலெல்லாம் தொங்குது.” வாலு போர்வையை விலக்கிப் பெண்ணைத் தேடினாள்.

சித்தப்பா தொண்டையைக் கனைத்தார். சித்தி அவரைப் பார்த்த பார்வையில் கனைப்பு இருமலானது.

“கோழிக்குப் போடற துணி” என்றாள் சித்தி.

“ஓ.”

அதற்குமேல் வாலு கேட்கவில்லை. கல்யாணத்தைப் பற்றி, வேலையைப் பற்றி, அப்பாவின் முட்டிவலியைப் பற்றிப் பேசினாள். பேசிக்கொண்டே இருந்த நேரம் முழுக்க அந்தப் பிரிந்த மூலை அவள் விரல்களுக்கு நடுவில் இருந்தது. உருட்டினாள், விட்டாள், உருட்டினாள். அவள் அதைப் பார்க்கவே இல்லை. சித்தி அதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

வாசலில் ஹாரன் ஒரு தடவை மெதுவாக ஒலித்தது, மரியாதையாக.

“அவர்தான்” என்றாள் வாலு. மூலையை விட்டாள்.

“ஒண்ணு எடுத்துட்டுப் போறியா? பெட்டியில வெச்சுத் தர்றேன்.”

“நாங்க இருக்கறது மாடியில சித்தி. எங்க வெச்சு வளர்ப்பேன்?”

“ஆமா. சும்மா கேட்டேன்.”

சின்னவள் ஏறமாட்டேன் என்று அழுதாள். குஞ்சு வேண்டும் என்றாள். வாலு குனிந்து அவளிடம் சொன்னாள், ஆனால் கண் சித்தியின் மேல் இருந்தது: “இது பெரிசாகி முட்டை போடும். அப்ப நாம வரலாம். சித்திப் பாட்டி உனக்கு எடுத்து வெப்பாங்க. வெப்பீங்கல்ல சித்தி?”

“வெப்பேன்.”

“எப்ப போடும்?” என்றாள் சின்னவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“சீக்கிரம் போடும்” என்றாள் சித்தி. “அடுத்த லீவுக்கெல்லாம் போட்டுடும்.”

கார் முனை திரும்பியது. சித்தப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். இரண்டு பேரும் முற்றத்துக்கு வந்தார்கள். வாலு கையில் வைத்திருந்த குஞ்சு எது என்று சித்திக்கு மட்டும் தெரிந்தது. அதை எடுத்துத் தன் மோவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டாள்.

“நீ பாட்டுக்கு வாக்குக் குடுத்துட்டே” என்றார் சித்தப்பா. “அது கோழியா சேவலான்னே இன்னும் தெரியாது. கொண்டை கிளம்பினாத்தான் சொல்ல முடியும்.”

“கோழிதான்.”

“எப்படிச் சொல்றே?”

“கோழிதான்” என்றாள் சித்தி. “நீங்க போய் அதுக்கு ஒரு கூடு பண்ணுங்க.”